கதவைத் திறந்தால் செடிக்கு ஆகாது

குரோட்டன் செடியைப் போல வீம்பு பிடித்த செடி உலகத்தில் வேறு கிடையாது. வெயில் போதவில்லை என்றால் மஞ்சளும் சிவப்பும் மங்கி மொத்தமும் பச்சையாகிவிடும். வெயில் கூடினால் ஓரம் கருகும். தொட்டியை இடம் மாற்றினால் இலை கொட்டும். ஊற்றுகிற தண்ணீர் ஜில்லென்று இருந்தால் அதற்கும் கொட்டும். குளிர்காற்று ஒரு தடவை பட்டால் போதும், இருக்கிற இலையை எல்லாம் உதறிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். உறைபனி பட்டாலோ அந்தக் குச்சியும் மிஞ்சாது. இப்படி ஒரு செடியைப் பனி பெய்கிற ஊரில் வளர்த்தே தீருவேன் என்று ஒரு மனுஷன் நின்றால், அவரைக் கட்டிக்கொண்டவள் பாடு எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்குத் தெருவில் டிக்கெட்டம்மா என்று பெயர். நகரப் பூங்காவின் வாசலில், கை மட்டும் நுழைகிற ஓட்டை வைத்த கூண்டுக்குள் உட்கார்ந்து காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவள். அவள் புருஷன் அதே பூங்காவின் கண்ணாடி வீட்டில் தோட்டக்காரர். குளிர் தாங்காத செடிகளுக்காகவே கட்டிய பெரிய கூடம் அது. சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. அதனால் அவர் கண்ணாடி வீட்டுக்காரர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூண்டைத் தாண்டி விறுவிறுவென்று போனவரை, "சார், டிக்கெட்?" என்று அவள் நிறுத்தினாள். "நான் இங்க வேலை செய்றேங்க" என்றார், காதெல்லாம் சிவந்துபோய். மறுநாளும் நிறுத்தினாள். அதற்கு மறுநாள் மனுஷன் பேசாமல் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அப்புறம் கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான், வளர்ந்து வேலைக்கென்று வேறு ஊருக்குப் போனான். எல்லாம் ஆன பிறகும் அவள் அவருக்கு டிக்கெட்டுதான். "டிக்கெட்டு, கத்தரிக்கோல் எங்க?" "டிக்கெட்டு, டீ ஆறிப்போகுது."

ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் மாலையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். இவர் சட்டைப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு குரோட்டன் குச்சியைப் போட்டுக்கொண்டு வந்தார். அதன் பால் வழிந்து நல்ல சட்டை கறையாகிப் போனதில் அவளுக்கு இன்றைக்கும் வருத்தம். அந்தக் குச்சிதான் வேர்விட்டு, தொட்டி மாறி, இப்போது அவர் மார்பு உயரத்துக்கு நிற்கிறது. ஒரே செடியில் ஓர் இலை மாதிரி இன்னொன்று இல்லை. ஒன்றில் மஞ்சள் நரம்பு ஓடும், ஒன்று செம்பாக மினுங்கும், அடியில் இருப்பவை கறுப்புக்குப் பக்கத்தில் போய்விட்ட சிவப்பு. பகலில் வெயில் நன்றாகத்தான் அடிக்கும், ஆனால் வெயில் இறங்கினதும் தரையிலிருந்தே குளிர் கிளம்பும். ஆகவே காலையில் தொட்டியைச் சக்கரப் பலகையில் வைத்துப் பின்வாசலுக்குத் தள்ளுவார். சாயந்திரம் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வருவார். மழையானாலும் காய்ச்சலானாலும் இது நிற்காது.

மற்றதெல்லாம் நின்றது. முதலில் சில்லறை விஷயங்கள் மறந்தன. மூக்குக்கண்ணாடி, குழாயை மூடுவது, சாப்பிட்டோமா இல்லையா என்பது. அப்புறம் தெரு மறந்தது. ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். பூங்காக் காவலாளிதான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டான். டிக்கெட் கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டு பைக்குள் கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டே இருந்தாராம். வரிசை பின்னால் நீண்டும் நகரவில்லையாம். கூண்டில் இப்போது யாரோ ஒரு சின்னப் பெண். கேட்டதும் டிக்கெட்டம்மாவுக்கு அழுகை வந்தது. காவலாளி போகிறவரை அடக்கிக்கொண்டாள்.

டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். மகன் ஊரிலிருந்து வந்தான்.

"அம்மா, நீ ஒருத்தியா எப்படிம்மா சமாளிப்பே? இந்த மாதிரி இருக்கறவங்களைப் பாத்துக்கறதுக்குன்னே எங்க ஊர்ல ஒரு இல்லம் இருக்கு. சுத்தமா இருக்கு. நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்."

"நீ பாத்துட்டே. அவர் பாத்தாரா?"

"வீம்பு பண்ணாதேம்மா."

"வீம்பு இல்லடா. அவருக்கு என்னைத் தெரியுது. டிக்கெட்டுன்னு வாய் நிறையக் கூப்பிடறாரு. என்னைத் தெரிஞ்ச மனுஷனை முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட எப்படிடா விடறது? என்னைக்கு அவருக்கு என்னையே தெரியாமப் போகுதோ அன்னைக்கு வா. வந்து கூட்டிட்டுப் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆனால் மகன் போன் செய்வான். சாப்பாடு, தூக்கம், மாத்திரை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் அந்த ஒரு கேள்விக்கு வந்து நிற்பான். "அப்பாவுக்கு உன்னைத் தெரியுதாம்மா?" அவளும் "தெரியாம என்ன?" என்பாள்.

தெரியத்தான் செய்தது, பெரும்பாலும். சில காலைகளில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பது போல அவளைப் பார்ப்பார். அப்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தை உருட்டுவாள், இருமுவாள், அது கடந்து போகிறவரை ஏதாவது செய்வாள். பிறகு ஒரு தந்திரம் பழகிக்கொண்டாள். அறைக்குள் நுழையும்போதே, "நான்தாங்க டிக்கெட்டு, டீ கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நுழைவது. அவரும் உடனே, "வா டிக்கெட்டு" என்பார். பரீட்சைத் தாளையும் கொடுத்து விடையையும் கொடுத்தால் யார்தான் பெயிலாவார்கள்? இது அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, தனக்குத்தானே கூட.

இன்னொரு தந்திரத்தில் அவளுக்கு உள்ளூரப் பெருமையே உண்டு. வெளியே போகாதீர்கள், தொலைந்து போவீர்கள் என்று எத்தனை சொல்லியும் அவர் தலையில் ஏறவில்லை. "நானா? நான் எங்க தொலையப் போறேன்?" என்று சிரிப்பார். ஒரு நாள் யோசித்து, வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள்.

"கதவைத் திறந்தா செடிக்கு ஆகாதுங்க. காத்து பட்டா இலையெல்லாம் கொட்டிடும்."

அவர் முகம் மாறியது. எழுந்து போய், திறந்திருந்த கதவைத் தானே சாத்தினார். மண்டைக்குள் எல்லாம் அழிந்துகொண்டு வந்தபோதும் செடி இருக்கிற மூலையை மட்டும் அந்த நோய் இன்னும் தொடவில்லை. அவள் அந்த மூலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். செடி உள்ளே வந்ததும் தாழ்ப்பாள் போட வேண்டும், அதற்கப்புறம் யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்று தினமும் சொல்லிச் சொல்லி உருவேற்றினாள். வாத்தியார் மாதிரி கேள்வியும் கேட்பாள்.

"பால்காரர் தட்டினா?"

"திறக்க மாட்டேன்."

"போலீஸ்காரர் தட்டினா?"

"செடி இருக்குன்னு சொல்லுவேன்."

"நான் தட்டினா?"

"நீதான் உள்ள இருக்கியே" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்று முதல் அவர் கதவைத் திறந்துகொண்டு போகவே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வாசல் கதவின் இன்னொரு சாவியைப் பக்கத்து லாண்டரிக்காரம்மாவிடம் கொடுத்துவைத்தாள். அவ்வளவுதான், இனி கவலையில்லை என்று நினைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் நல்ல வெயில். போர்வைகளைத் துவைத்துப் பின்வாசல் கொடியில் போட்டிருந்தாள். வெயில் சரிந்ததும் காற்று விறைத்துக்கொண்டது. ராத்திரி உறைபனி இறங்கும் என்று காலையிலேயே ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். ஸ்வெட்டர் கூடப் போட்டுக்கொள்ளாமல், இதோ வந்துவிடலாம் என்று துணி எடுக்கப் போனாள். போர்வைகள் ஈரம் போகாமல் அட்டை மாதிரி ஆகத் தொடங்கியிருந்தன. கடைசிப் போர்வைக்குப் பின்னால் நின்று கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சக்கரப் பலகை உருளும் சத்தம் கேட்டது. நேரம் தவறாமல் வந்துவிட்டார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். தொட்டி வாசற்படி ஏறியது. கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. துணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்க் கதவின் கண்ணாடியில் தட்டினாள்.

"ஏங்க, என்னை வெளிய வச்சுப் பூட்டிட்டீங்களே. திறங்க."

அவர் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்தார். அந்தப் பஸ் பயணிப் பார்வை.

"என்னம்மா வேணும்?"

"நான்தாங்க டிக்கெட்டு."

ஒரு நாளும் பொய்க்காத வார்த்தை அது. அவர் முகத்தில் மரியாதையான ஒரு புன்னகை வந்தது.

"டிக்கெட்டா? அவ இப்ப இல்லீங்களே. கடைக்குப் போயிருக்கா போலிருக்கு. வந்ததும் சொல்றேன். யார் வந்தாங்கன்னு சொல்லட்டும்?"

அவள் மறுபடி கண்ணாடியில் தட்டினாள். "விளையாடாதீங்க. குளிருதுங்க, திறங்க."

"குளிரத்தாம்மா செய்யும். இந்தக் குளிர்ல நீங்க வெளிய வரலாமா? வீட்டுக்குப் போங்க. கதவைத் திறந்தா செடிக்கு ஆகாது. எங்க வீட்டம்மா கண்டிப்பாச் சொல்லியிருக்கா." குரலைத் தாழ்த்தி, ரகசியம் போலச் சேர்த்துக்கொண்டார்: "கொஞ்சம் கோபக்காரி."

தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். முகம் நன்றாகத் தெரியட்டும் என்று கண்ணாடிக்கு நெருங்கி நின்றாள். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்தாள். துடைத்த இடத்தில் அவரோடு சேர்ந்து அவள் பிம்பமும் தெரிந்தது. நரைத்த தலை, குழி விழுந்த கன்னம், நடுங்குகிற வாய். அவர் தேடுகிற டிக்கெட்டு இந்த வயசுக்காரி இல்லை. கூண்டுக்குள் உட்கார்ந்து அவரைக் கேலி செய்தவள் அவள். அவளைக் கொண்டுவந்து காட்டு என்றால் யாரால் முடியும்?

வீட்டைச் சுற்றி ஒரு சந்து உண்டு. பத்தடி நடந்தால் தெரு. தெருவில் லாண்டரி. அங்கே சாவி. நேராகப் போய் வாங்கிவந்திருக்கலாம். போகவில்லை. லாண்டரிக்காரம்மா நல்லவள்தான், ஆனால் அவளிடம் சொன்னது தெரு முழுக்கப் போகும், தெருவிலிருந்து மகனுக்குப் போகும். அதைவிட, சாவி வாங்கப் போனால் அவர் திறக்கவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் திறப்பார். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அது கடந்து போகும், எப்போதும் போகிறதே. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள். கொடியில் அவள் விட்டுவந்த கடைசிப் போர்வை விறைத்துப்போய் அசையாமல் தொங்கியது. அவர் மறதி கடந்து போகவில்லை.

அப்போதுதான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்னச் சட்டியைப் பார்த்தாள். போன மாதம் அவர் ஒடித்து நட்ட குரோட்டன் குச்சி, நாலு இலை விட்டிருந்தது. உள்ளே எடுக்க மறந்திருக்கிறார். அதைக் கொண்டுவந்து கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள்.

உள்ளே அவர் முகம் பதறியது. தாழ்ப்பாள் சடாரென்று விலகியது. கை நுழைகிற அளவுக்குக் கதவு திறந்தது.

"ஐயையோ, குடுங்க குடுங்க! யார் இதைப் பனியில விட்டது? அறிவில்லாத ஜென்மங்க!"

சட்டியை வாங்கும்போது அவர் விரல் அவள் விரலில் பட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கை ஐஸா இருக்கேம்மா" என்றார். "சீக்கிரம் போய் நெருப்புப் பக்கத்துல உக்காருங்க. நல்லா இருப்பீங்க."

கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது.

காலை நீட்டிக் கதவைத் தடுத்திருக்கலாம். தள்ளிக்கொண்டு நுழைந்திருக்கலாம், அவருக்கு என்ன பெரிய பலம்? அவள் செய்யவில்லை. வா என்று அவர் வாயால் சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கிறுக்கி, வேறென்ன.

உள்ளே விளக்கைப் போட்டார். சட்டியை அடுப்புக்கு ரொம்பப் பக்கமும் இல்லாமல் தூரமும் இல்லாமல் வைத்தார். கெட்டிலில் இருந்த தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்துத் துணியை நனைத்தார். உள்ளங்கையை இலைக்கு அடியில் கொடுத்து, மேலே துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். ஓர் இலை, அப்புறம் அடுத்த இலை. அவசரமே இல்லை. அந்தக் கை அவளுக்குத் தெரியும். காய்ச்சலில் அவள் முகத்தை ஏந்திய கை. பிரசவத்துக்குப் பிறகு அவள் நெற்றியைத் துடைத்த கை. நாலு இலை விட்ட ஒரு குச்சியைப் பார்த்து அவளுக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது. நான் செத்துப்போனாலும் இந்த மனுஷன் இதே போலத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தாள். நினைத்ததும் தன் மீதே வெறுப்பாக இருந்தது.

மேசை மேல் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இலைக்குத் திரும்பினார். போன் அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்காவிட்டால் மகன் அடுத்து லாண்டரிக்குத்தான் போன் செய்வான். அவள் சந்து வழியாக ஓடினாள்.

லாண்டரிக்காரம்மா இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்றிருந்தாள். "என்னக்கா, உதடெல்லாம் நீலமா இருக்கு!"

"காத்துல கதவு சாத்திக்கிச்சும்மா. அவர் அசந்து தூங்கறாரு போல. சாவியை மட்டும் குடு."

"இந்தக் கோலத்துல உங்களைத் தனியா விடவா? இருங்க, நானும் வரேன்." பெட்டியை நிறுத்திவிட்டுத் தன் சால்வையை அவள் தோளில் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வேண்டாம் என்று சொல்ல டிக்கெட்டம்மாவுக்குக் காரணம் அகப்படவில்லை.

வாசல் கதவு திறந்த சத்தத்துக்கு அவர் சமையலறையிலிருந்து பதறி வந்தார். முன்னால் வந்தவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, லாண்டரிக்காரம்மாவா! உள்ள வந்து சீக்கிரம் கதவைச் சாத்துங்க, காத்து வருது. உங்க மிஷின் சரியாச்சா?"

மிஷின் கெட்டுப்போனது போன வாரம். டிக்கெட்டம்மாவே அதை மறந்திருந்தாள். போன வாரத்து மிஷின் ஞாபகம் இருக்கிறது என்றால்... அந்த ஒரு நொடியில் நம்பிக்கை அவளுக்குள் குபுக்கென்று பொங்கியது. அவர் பார்வை அவள் மேல் வந்து நின்றது.

"இவங்களும் வந்திருக்காங்களா? இந்தம்மாதாங்க நம்ம செடியைக் காப்பாத்திக் குடுத்தாங்க. நல்ல மனுஷி. உக்காருங்கம்மா. எங்க வீட்டம்மா வரட்டும், டீ போடச் சொல்றேன்."

லாண்டரிக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "சாருக்கு எப்பவும் குறும்புதான்!" என்று டிக்கெட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தவள், சிரிப்பைப் பாதியில் விழுங்கினாள். சாவியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு சாவியை மேசை மேல் வைத்து, "சால்வை இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

போன் மறுபடி அடித்தது. விரல் விறைத்திருந்ததால் எடுக்க நேரமானது.

"என்னம்மா, அப்பவே அடிச்சேன், எடுக்கல? பயந்துட்டேன்."

"துணி எடுத்திட்டிருந்தேன்டா."

"அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு."

"மாத்திரை?"

"குடுத்தேன்."

"உன்னைத் தெரியுதாம்மா அவருக்கு?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பழகின பொய்க்குப் பஞ்சமா? தெரியாம என்ன என்று சொல்லி வைத்துவிட்டால் இன்னும் ஒரு வாரம் ஓடும். நாளைக் காலையில், "நான்தாங்க டிக்கெட்டு" என்று நுழைந்தால் அவரும், "வா டிக்கெட்டு" என்று சொல்லிவிடுவார். லாண்டரிக்காரம்மாவின் கையைக் காலைப் பிடித்துக்கொள்ளலாம். அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் பக்கத்தில் வந்து நின்றார். கையில் இன்னும் அந்த ஈரத்துணி இருந்தது. கண்ணில் கவலை தேங்கியிருந்தது. அந்நியப் பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடுதான் பேசினார். ஆனால் தோட்டத்தில் வேலை செய்த தொண்டை, மெதுவாகப் பேசியே பழக்கமில்லை.

"போன்ல எங்க வீட்டம்மாங்களா? சீக்கிரம் வரச் சொல்லுங்கம்மா. வெளிய பனி விழுது, அவ ஸ்வெட்டர் கூடப் போட்டுக்கல. செடியெல்லாம் உள்ள வந்தாச்சு. அவதான் இன்னும் வரல."



"கேட்டுச்சாடா?" என்றாள் அவள்.

"கேட்டுச்சும்மா."

"அப்ப வா. வந்து கூட்டிட்டுப் போ."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வராளாமா?" என்று கேட்டார்.